லாரித் தாமரை

போதும். அந்தத் தாமரைப் பொம்மைகளை அனுப்புவதை நிறுத்துங்கள். நேற்று மத்தியானம் முதல் என் கைபேசி ஓயாமல் கத்துகிறது. எடுத்துப் பார்த்தால் ஒரு தாமரை, பக்கத்தில் கைதட்டுகிற இரண்டு கை. உங்களுக்கெல்லாம் அறுபது வயது ஆகிறது. வேறு வேலை இல்லையா?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது, கொஞ்சம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றுக்கு உங்களைத் திட்டுவது நியாயம் இல்லை. அதனால்தான் நம் கைபேசிக் குழுவில் இரண்டு வரி போடாமல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தெருக்காரிகள் எல்லோரும் படியுங்கள். பாதியில் யாரும் "வாவ்" போடக்கூடாது.

ஆரம்பித்தது நம் கோடியாத்துக்காரி. பேத்தியின் ரிசப்ஷனுக்கு மேசைக்கு மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் தண்ணீர், மிதக்கிற மெழுகுவர்த்தி, சுற்றி ஊதாப் பூ. படத்தைப் போட்டு, "இந்த சென்டர்பீஸுக்குத் தமிழ்லே என்னவாக்கும் பேரு? பேத்தி கேக்கறா" என்று எழுதினாள். ஒருத்தி "மேசைப் பூ" என்றாள். ஒருத்தி "நடு அலங்காரம்" என்றாள். சென்னைக்காரி "மையப்பொருள்" என்று போட, "பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கு, போடீ" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் எதிராத்துக்காரி என்னைச் சுட்டி எழுதினாள்: "நடுநாயகம்! இவளோட அப்பா சொல்லுவாரே! இவதான் லாரியிலே தாமரைக்கு நடுவுலே உக்காந்துண்டு போனாளே, ராணி மாதிரி! மறந்துட்டேளா?"

ஒருத்தியும் மறக்கவில்லை. எல்லோரும் தாமரையோடு வந்துவிட்டீர்கள்.

சொல் சரியான சொல்தான். அதில் தகராறு இல்லை. அட்டிகையிலோ மாலையிலோ நடுவில் பெரிதாகப் பதிக்கிற கல் இருக்கிறதே, அதுதான் நடுநாயகம். அப்பா அதோடு விட மாட்டார். "வெறுதே நடுவுலே இருந்தா போறாது. ரெண்டு பக்கத்துக் கல்லும் அதைப் பார்த்துண்டு இருக்கணும். அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் மணி" என்பார். கரமனையில் நம் தெருவில் அந்தச் சொல்லை அவரளவுக்குப் புழங்கியவர் யாரும் கிடையாது. ஓண விருந்து இலைக்கு நடுநாயகம் பூசணிக்காய் ஓலன் என்பார். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் பந்தலுக்கு நடுநாயகம் இல்லை, வாழைமரத்தை ஓரமாகக் கட்டிவிட்டான் என்று குறைப்படுவார். ஆபீஸில் எல்லோரும் மலையாளத்தில் பேசி ஆங்கிலத்தில் எழுதுகிற இடம். அங்கேயும் இந்த ஒரு சொல்லை விடாமல் சொல்லிச் சொல்லி, அங்குள்ளவர்கள் அவரை "நடுநாயகம் சாமி" என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது. அதைக் கேலி என்று அவர் எடுத்துக்கொண்டதே இல்லை.

அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் வரைபடம் போடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்பது இப்போது வேண்டாம். ஓண வாரம் முடிகிற அன்று ஊர்வலம் போகுமே, ஒவ்வொரு ஆபீஸும் ஒரு லாரியை அலங்காரம் செய்து அனுப்புமே, அந்த வருஷம் அவர்கள் ஆபீஸ் லாரிக்கு யோசனை கேட்டபோது அப்பாவின் கை முதலில் உயர்ந்திருக்கிறது. குளம். குளத்தின் நடுவில் மூடின தாமரை. லாரி நிற்கிற இடத்தில் தாமரை மெல்ல விரியும். உள்ளே ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருக்கும், எழுந்து நின்று ஜனங்களுக்குப் பூ தூவும். மறுபடி உட்காரும், தாமரை மூடும். பெரிய ஆபீசர் "பலே சாமி" என்றாராம். அந்தக் குழந்தை யார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வருஷம் ஊருக்கே நடுநாயகம் நீதாண்டீ கண்ணா."

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பின்வரிசை. ஓணத்துக்குப் பூக்களக் கோலம் போட்டால் என்னைப் பூ கிள்ளிக் கொடுக்க உட்கார வைப்பார்கள், கோடு போட விட மாட்டார்கள். அப்படிப்பட்டவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஒரு மாசம் எங்கள் வீட்டில் மைதாப் பசையின் வாசனைதான். கரப்பான் வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்து வைத்திருப்பார். அந்த நீலத்தை இப்போது நினைத்தாலும் நாக்கில் கசக்கிறது. அப்பா முதலில் சின்னதாக ஒரு தாமரை செய்து பார்த்தார். ஒடிந்த குடைகளின் கம்பிகளைச் சேர்த்து, ஒவ்வொரு கம்பியிலும் துணி இதழ் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி, அதைத் தன் வரைபலகைக்குக் கீழே தொங்கவிட்டார். இழுத்தால் விரியும், தளர்த்தினால் மூடும். உள்ளே மரப்பாச்சி உட்கார்ந்திருக்கும். நான் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுப்பேன். வேகமாக இழுத்தால் இதழ் ஆடும், அசிங்கமாக இருக்கும். அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த சரளி வரிசையை மெதுவாகப் பாடிக்கொண்டே இழுத்தால் மேல் ஸா வரும்போது சரியாக முழுப்பூ. அப்பா கைகொட்டிச் சிரித்தார். விளையாட்டாகத்தான் இழுத்தேன். என் இடம் மேலே என்று எனக்குத் தெரியுமே.

அம்மா தன்னுடைய ரோஜாப்பூ நிறப் பட்டுப்புடவையை எடுத்து வெட்டினாள். அவளுக்கு இருந்த நல்ல புடவைகளில் அது ஒன்று. "தாமரைக்குள்ளே இருக்கறவளுக்குத் தாமரை நிறம் வேண்டாமாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே கத்தரியை வைத்தாள். வெட்டும்போது பட்டு ஒரு சத்தம் போட்டது. பாவாடையும் சட்டையும் தைத்து, சரிகைக் கரையைக் கழுத்தில் வைத்து, எனக்குப் போட்டுப் பார்த்து, கழற்றி, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்து இஸ்திரி செய்தாள். நீங்கள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தீர்கள். பிசுக்குக் கையோடு தொடாதே என்று எதிராத்துக்காரியை அம்மா விரட்டினாள். ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். எப்படிச் சிரிக்க வேண்டும் என்று நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. "வாயை மூடிண்டு சிரி, இல்லாட்டா பொக்கை தெரியும்" என்று ஆற்றங்கரைப் படியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தீர்கள். ஊர்வலம் பார்க்கத் தெருவே கிழக்கேகோட்டைக்கு வந்து நிற்கும், எல்லோரும் சேர்ந்து என் பேரைச் சொல்லிக் கத்துவது என்று பேசி வைத்துக்கொண்டீர்கள்.

ஊர்வலத்தன்று மத்தியானமே அப்பா என்னை அழைத்துக்கொண்டு போனார். பழைய பாவாடையோடு போனேன். பட்டுப்பாவாடை துணிப்பையில், என் மடியில். லாரிகள் வரிசையாக நின்ற மைதானத்தில் எங்கள் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். பலகையில் அடித்த பெரிய பெட்டி, சுற்றிலும் நீலக் காகித அலை, மேலே அந்தத் தாமரை. நான் நிமிர்ந்து பார்க்கிற உயரம். பெட்டிக்குள் உட்கார்ந்து கயிறு இழுக்க ஆபீஸ் பியூன் ஏற்பாடாகி இருந்தார். நல்ல மனுஷர், பயில்வான் மாதிரி கை. கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்து, முதல் ஒத்திகையிலேயே இரண்டு இதழைக் கிழித்துவிட்டார். அப்பா பசையும் ஊசியுமாக ஏறி ஒட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது பெரிய ஆபீசரின் கார் வந்தது. ஆபீசர் இறங்கினார். பின்னால் ஒரு சின்னப் பெண் இறங்கினாள். என் வயசு இருக்கும். சுருட்டை முடி, வெள்ளைக் கவுன், கையில் பாதி தின்ற பிஸ்கட்.

"சாமீ, மோள் ஒந்நு இருந்நோட்டே. அவளுக்கு பயங்கர ஆசை" என்றார் ஆபீசர். என் மகள் அதில் உட்காரட்டுமே என்கிறார்.

அப்பா கீழே இறங்கக்கூட இல்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இருந்தவர் அதை எடுத்துவிட்டு, "அதினெந்தா சார்!" என்றார்.

அதற்கென்ன சார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி ஆளாக வளர்ந்திருப்பேன் என்று தோன்றும். ஒரு யோசனை, ஒரு தயக்கம், எச்சில் முழுங்குகிற நேரம்கூட எடுக்கவில்லை. பையை என் மடியிலிருந்து எடுத்தது ஆபீசரின் டிரைவர். அதையும் அப்பா செய்யவில்லை.

பிறகு இறங்கி வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணா, கோவிச்சுக்காதே. ஆபீசர் வந்து கேக்கறச்சே மாட்டேன்னு சொல்ல முடியுமோ? நீ கயித்தைப் பிடிச்சுக்கோ, கேட்டியா. அந்த ஆளு இழுத்தா பூ கிழிஞ்சு போயிடும். மேலே யார் வேணும்னாலும் உக்காரலாம். கீழே உன்னை விட்டா வேறே ஆள் இல்லே."

ஒரு மாசமாக நடுநாயகம் இல்லாவிட்டால் மிச்சம் வெறும் மணி என்று சொன்ன வாய் இது. நான் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன். அழவில்லை. பியூன்தான் "கஷ்டம் சாமீ, கொச்சல்லே" என்று முணுமுணுத்தார், சின்னக் குழந்தை இல்லையா என்று. அப்பா காதில் வாங்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்துப் பலகையைத் திறந்து என்னை உள்ளே விட்டு மூடினார்.

உள்ளே டீசல் வாசனை, பசை வாசனை, தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை. காற்றுக்காக முன்பக்கத்துப் பலகையில் அப்பா ஒரு கீற்று விட்டிருந்தார். அதில் கண்ணை வைத்தால் வெளியே தெரியும். தலைக்கு மேலே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அசைந்தால் பலகை முனகும். என் அம்மாவின் பட்டு உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. லாரி புறப்பட்டபோது மேலேயிருந்து ஒரு குரல், அழுகிற மாதிரி:

"எனிக்கு பேடியாவுந்நு."

பயமாக இருக்கிறதாம். பாவம், அவளை யார் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள்? இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த குழந்தை. "பேடிக்கண்டா, ஞான் தாழெ உண்டு" என்றேன். பயப்படாதே, நான் கீழே இருக்கிறேன் என்று. விரியும்போது எழுந்திரு, நான் பாட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டு பூ போடு என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவள் மேல் எனக்கு அன்றும் வருத்தம் இல்லை, இன்றும் இல்லை.

லாரி நிற்கும். அப்பா வெளியேயிருந்து பலகையைத் தட்டுவார். நான் பாடிக்கொண்டே இழுப்பேன். தாமரை விரிகிறது என்பது எனக்குத் தெரிவது ஜனங்களின் "ஹோ"வை வைத்துத்தான். அந்தச் சத்தம் இருக்கிறதே, அது என் உள்ளங்கையில் கயிறு வழியாக வந்து இறங்கும். முதல் இரண்டு மூன்று தடவை எனக்கே சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் கை எரிய ஆரம்பித்தது. நார்க்கயிறு. பாவாடையை எடுத்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வெளியே செண்டை அடித்துக்கொண்டே வந்தார்கள். வேர்க்கடலை வறுக்கிற வாசனை, பலூன், போலீஸ்காரர்களின் விசில், கசவுப் புடவைகள், தோளில் உட்கார்ந்த குழந்தைகள். எல்லோருடைய முகமும் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் எனக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிழக்கேகோட்டையில் லாரி நின்றது. விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. அப்பா தட்டினார். நான் கீற்றில் கண்ணை வைத்துக்கொண்டே இழுத்தேன். நீங்கள் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தீர்கள், புது ரிப்பன் கட்டிக்கொண்டு. நடுவில் அம்மா. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விளக்கு கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு லாரிக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் இரண்டு கையையும் தூக்கி என் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

"என் கொழந்தை! பாருங்கோடீ, என் கொழந்தை!"

நீங்களும் கத்தினீர்கள். என் பேரைச் சொல்லித்தான். நான் உள்ளேயிருந்து "அம்மா" என்றேன், இரண்டு தடவை. செண்டைக்கு மேலே அது எங்கே கேட்கும்? கயிற்றை விட்டுவிட்டுப் பலகையைத் தட்டியிருக்கலாம். விட்டால் இதழெல்லாம் மேலே நிற்கிற பெண்ணின் தலையில் விழும். பிடித்துக்கொண்டு பாடினேன்.

உங்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் தலையில் கிரீடம், கன்னத்தில் ரோஸ் பவுடர், அத்தனை உயரம், அத்தனை விளக்கு. எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பாவாடை. நீங்கள் தொட்டுப் பார்த்த பாவாடை. ஆனால் அம்மா? என் மூக்கைத் துடைத்துவிட்டவள், முன்பல்லைப் பிடுங்கிக் கூரை மேல் எறிந்தவள், அவளுக்கு என் முகம் தெரியாமல் போயிற்றே! அப்பா செய்தது அநியாயம் என்று எனக்கு அன்றே தெரியும். அதை ஒரு கணக்கில் வைத்துவிட்டேன். அம்மா செய்ததை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் லாரிக்கு இரண்டாம் பரிசு. வாங்கிக்கொண்டது பெரிய ஆபீசர், மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. செய்தவர் பேர் என்று ஒன்றையும் வாசிக்கவில்லை. அப்பா கூட்டத்தில் நின்று கைதட்டினார். அந்தப் பெண் பட்டுப்பாவாடையோடேயே காரில் தூங்கிப்போனாள். "நாளெ கொடுத்துவிடாம் சாமீ" என்றார்கள், நாளை கொடுத்தனுப்புகிறார்களாம். அந்த நாளை இன்னும் வரவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்னார். "ஆத்துலே ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டியா. அம்மா ஆசையா புடவையை வெட்டித் தைச்சா. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா. நமக்குள்ளே இருக்கட்டும்."

நமக்குள்ளே. என்ன அழகாகச் சொன்னார்! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பெரியவர்கள் ரகசியத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி.

வீட்டு வாசலில் அம்மா என்னை நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். "தெருக்கண்ணெல்லாம் என் கொழந்தை மேலேதான்" என்றாள். நீங்கள் வந்து கன்னத்தைக் கிள்ளினீர்கள், எப்படியடீ பயப்படாமல் நின்றாய் என்று கேட்டீர்கள். "பயமாத்தான் இருந்தது" என்றேன். அவள் அப்படித்தானே சொன்னாள். பாவாடை எங்கே என்று நீங்கள் கேட்டபோது, "ஆபீஸ்லே வச்சிருக்கா, வரும்" என்று அம்மாவே பதில் சொன்னாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். சாதத்தைப் பிசைய முடியவில்லை. அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டு, ஊட்டிவிட்டாள்.

நான் அன்று எப்படிப்பட்ட மக்கு என்று பாருங்கள். எண்ணெய் தடவினதில் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் விரிந்த தாமரை, நடுவில் கையைத் தூக்கி நிற்கிற பெண். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். அம்மா அதைக் கத்தரித்து, சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சட்டம் போட்டு வந்து, கூடத்தில் நடுச்சுவரில் மாட்டினாள். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்கும் அதைக் காட்டாமல் காபி கொடுத்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் காட்டினாள். கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரர், "சின்ன வயசுலே நீ இன்னும் நன்னா இருந்திருக்கே" என்றார். நான் என்ன சொல்வது? "ஆமாம்" என்றேன்.

அப்பா போய் வருஷங்கள் ஆகின்றன. அவர் இருந்தவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என் உள்ளங்கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "பஸ் இருக்கோ, சீக்கிரம் கிளம்பு" என்றார். அதோடு சரி.

அம்மா இப்போது என்னோடு கழக்கூட்டத்தில், என் பையனின் ஃப்ளாட்டில் இருக்கிறாள். கண்ணும் காதும் நம் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது. கரமனை வீட்டைக் காலி செய்தபோது பித்தளை அண்டாவை விட்டாள், ஊஞ்சலை விட்டாள், படத்தை விடவில்லை. இங்கேயும் கூடத்தில் மாட்டச் சொன்னாள். பையன் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறான்.

நேற்று உங்கள் தாமரைகள் வந்து விழுந்தபோது அம்மா சாப்பாட்டு மேசையில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னடீ மணி அடிச்சுண்டே இருக்கு?" என்றாள். காட்டினேன். எதிராத்துக்காரி எழுதினதை வாசித்தேன். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்ன தோன்றிற்றோ, இத்தனை வருஷமாக அவள் ஒடிந்துபோய்விடக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அம்மா, அது நான் இல்லே. தாமரைக்குள்ளே இருந்தது ஆபீசர் பொண்ணு."

அம்மா காயின் நாரை உரித்துக் கீழே போட்டாள்.

"தெரியாதாக்கும்? பெத்தவளுக்குத் தெரியாமே பின்னே யாருக்குத் தெரியும்?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"அங்கேயே தெரிஞ்சுதா?"

"தாமரை விரிஞ்ச உடனே தெரிஞ்சுது. யாரோட கொழந்தைன்னு அப்பா மூஞ்சியைப் பார்த்தேன். அவர் மூஞ்சி செத்துப் போச்சு. தெருவே நின்னுண்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்? உன் பேரைச் சொல்லிக் கத்தினேன்."

"நான் எங்கே இருந்தேன்னு தெரியுமா உனக்கு?"

"கையிலே கயித்துத் தடம் இருந்துதே."

"அப்பாவுக்கு, உனக்குத் தெரியும்னு தெரியுமா?"

"நீ தூங்கினப்பறம் சொன்னார். ஒரே அழுகை. சரி, போனது போகட்டும், கொழந்தை மறந்துடுவா, விடுங்கோன்னு சொன்னேன்."

ஆக, மூன்று பேர் இருந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் அழுது, பேசி, ஆறுதல் சொல்லிக்கொண்டு முடித்துவிட்டார்கள். நாலாம் வகுப்புக் குழந்தையிடம் காவலைக் கொடுத்துவிட்டார்கள். நானும் வாசலை விட்டு நகராமல் ஐம்பது வருஷம் நின்றிருக்கிறேன், உள்ளே ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு. அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் வைத்திருந்த வருத்தம்கூடத் தேவலை. தெரிந்தே கத்தினாள்.

"பின்னே எதுக்கம்மா அந்தப் படத்தை மாட்டினே? வந்தவா போனவா எல்லார்கிட்டேயும் காட்டினே?"

அம்மா டிவிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். யோசித்துத்தான் சொன்னாள். கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை.

"படம் நன்னா இருந்துது. உங்கப்பா பண்ணின தாமரையோல்லியோ? நடுவுலே யாராவது ஒருத்தி இருந்தாத்தானே அது தாமரை."

பிறகு, "கறியிலே தேங்காய் போடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

பேத்திக்குச் சொல்லுங்கள், நடுநாயகம் என்பது சரியான சொல்தான், தாராளமாக எழுதலாம். மேசைக்கு நடுவில் வைக்கிற கிண்ணத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். ஒன்று உடைந்தால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம்.

படத்தை நான் கழற்றவில்லை. கழற்றினால் அம்மா ஏன் என்று கேட்பாள், எனக்கு விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. அடுத்த தடவை நீங்கள் இங்கே வந்தால் அம்மா காபியோடு அதையும் காட்டுவாள். என் பேரைத்தான் சொல்லுவாள். தலையாட்டிவிட்டு, தாமரையை விட்டுக் கொஞ்சம் கீழே பாருங்கள். காகித அலைக்கு நடுவில், பலகையில் கறுப்பாக ஒரு கீற்று தெரியும். உங்களைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேதான் இருக்கிறேன்.